மறு: ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> "ஒலிபெருக்கித் தாங்கி" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் தம்பி. ஆனால் பொறியியல் தமிழில் தாங்கி என்றால் பேரிங். இலங்கையில் தண்ணீர்த் தொட்டியையே தாங்கி என்பார்கள். வீட்டிலேயே பி.வி.சி. பைப்பில் ஸ்பீக்கர் ஸ்டாண்டு செய்துகொள்ள நீங்கள் எழுதிவரும் செய்முறையில் "தாங்கிக்குள் மணலை நிரப்பவும்" என்று ஒரு வரி கட்டாயம் வரும். அதை யாழ்ப்பாணத்தில் ஒருவர் படித்தால் மொட்டைமாடியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

"ஒலிபீடம்" அழகாக இருக்கிறது, ஆனால் பலிபீடம் காதில் விழுகிறது. வரவேற்பறையில் ஜோடியாக வேறு நிற்கப் போகிறது, வேண்டாம். "முக்காலி"யை மேடைக் கச்சேரிக்காரர்கள் மடக்கி எடுத்துப்போகும் ஸ்டாண்டுக்கே விட்டுவிடுவோம். அதற்கு உண்மையிலேயே மூன்று கால்.

நான் முன்வைப்பது: பெட்டிக்கால். ஸ்பீக்கரைப் பெட்டி என்றோ பாக்ஸ் என்றோ சொல்வது மைக் செட்காரர்களிடம் ஏற்கெனவே உள்ள வழக்கம். எடையைத் தாங்கி நிமிர்ந்து நிற்பதைக் கால் என்பது அதைவிடப் பழசு: ஆயிரங்கால் மண்டபம், பந்தக்கால், கட்டில்கால். "ஒலிபெருக்கி"யையும் இதில் தவிர்த்துவிடலாம். ஆம்ப்ளிஃபையருக்குப் பெருக்கி என்று வைத்தபிறகு, எதையும் பெருக்காத ஸ்பீக்கருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு வெகுநாள் உறுத்தல். அதைத் தனி இழையில் சண்டை போட்டுக்கொள்வோம்.

> கால் என்றால் உயர்த்துவது மட்டும்தானே? அதிர்வைக் குறைக்கும் வேலையும் பெயரில் வர வேண்டாமா?

வேண்டாம் என்பேன். உயரம்தான் இதன் முதல் வேலை. உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். ட்வீட்டரின் (பெட்டியில் உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) ஒலிகள் நேர்முகமாகத்தான் நன்றாகக் கேட்கும், மேலும் கீழும் விலகினால் மங்கிவிடும். அதனால் காது உயரத்திலிருந்து, பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் வரையுள்ள உயரத்தைக் கழித்தால் காலின் உயரம் வந்துவிடும். கடைகளில் 24 அங்குல ஸ்டாண்டு அதிகம் கிடைப்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். பெட்டியைத் தரையிலேயே வைத்தால் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி ஊதிப்போகும், மேஜையில் வைத்தால் மேஜையும் கூடச் சேர்ந்து பாடும்.

அதிர்வைக் குறைப்பது உள்ளே போடும் மணலின் வேலை. அதற்குத்தான் தனிச்சொல் தேவை. பாடநூலில் இருக்கும் "தடையுறு அலைவு" சரியான சொல்லே. ஆனால் அது அலைவின் பெயர், மணல் செய்கிற காரியத்தின் பெயரல்ல. தணிப்பு என்று வைக்கலாம். வெறும் பி.வி.சி. பைப்பைத் தட்டினால் டொங் என்று நீளும். மணல் நிரப்பித் தட்டினால் தப் என்று அங்கேயே நின்றுவிடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன, அவ்வளவுதான். நாலு அங்குல பைப்பில் 60 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 8 கிலோ மணல் பிடிக்கும். அப்புறம் குழந்தை இடித்தாலும் எளிதில் சாயாது. மணலைச் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் அடிப்பலகையின் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) உப்பிவிடும்.

மேற்பலகை, அடிப்பலகை, தண்டு: இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன்.

> ஸ்பைக் = அதிர்வு நீக்கி

இதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸ்பைக் என்பது ஸ்டாண்டின் அடியில் பொருத்தும் கூரிய உலோக முனை, அது எதையும் நீக்குவதில்லை. பெட்டியும் காலும் சேர்ந்து 20 கிலோ, ஸ்பைக் நாலு, ஒவ்வொரு முனையும் ஒரு சதுர மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 5 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அது காலைத் தரையோடு இறுக்கி ஊன்றுகிறது, அதிர்வும் தாராளமாகத் தரைக்கு இறங்கலாம். விளம்பரக்காரர்கள் ஸ்பைக்குக்கும் ரப்பருக்கும் ஒரே பெயரைச் சூட்டி விற்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஆகவே ஸ்பைக்குக்கு முள். தராசு முள், கடிகார முள் என்று கூரிய உலோகத்துக்கு நம்மிடம் இருக்கும் சொல்தான். அது செய்வது ஊன்றல். ரப்பர் செய்வது விலக்கல், அந்த ரப்பர் துண்டு விலக்கி. விலக்கலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெட்டியின் எடையும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வெண் அமையும், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம் (அதிர்வெண் இலங்கை நண்பர்களுக்கு மீடிறன்). அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே பயனில்லை, சில இடங்களில் கூட்டியும் விடும். கல் மாதிரி இறுகிய ரப்பரை வாங்கிப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் விலக்கி என்று வைத்துப் பயனில்லை.

இன்னொன்று. முள் பிரிட்டன் போன்ற ஊர்களின் கம்பளத் தரைக்கு ஏற்ற பொருள். கம்பளத்தைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டித் தரையைத் தொட்டால்தான் கால் ஆடாமல் நிற்கும். நம் வீட்டு டைல்ஸிலும் கிரானைட்டிலும் துளைக்க ஒன்றுமில்லை, கீறல்தான் மிச்சம். வேண்டுமென்பவர்கள் முள்ளுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் வைக்கலாம். அந்த வட்டத்துக்கு முள்வில்லை போதும். செய்முறையில் முள்ளை "விருப்பமிருந்தால்" பகுதிக்குத் தள்ளிவிட்டு விலக்கியை முதலில் எழுதுவது நம் வாசகர்களுக்கு நல்லது.

கடைசியாக, டோ-இன்னுக்கு "உள்சாய்வு" என்று ஒரு நண்பர் போட்டிருந்தார். பெட்டி சாய்வதில்லை, கேட்பவர் பக்கம் கொஞ்சம் திரும்புகிறது. உள்திருப்பம் என்றால் சரியாக வருமா? மறுப்பு இருந்தால் வரைவு போவதற்குள் எழுதிவிடுங்கள்.