மாலை வெளிச்சத்தில் வீட்டுக்குள் படமெடுக்க 35 மி.மீ. பிரைம் லென்ஸா, 50 மி.மீ. பிரைம் லென்ஸா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நிக்கான் டி5300 கேமராவையும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸையும் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பகல் வெளிச்சத்தில் அந்த லென்ஸைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மிகவும் எடுக்க விரும்பும் படங்கள் இரவு ஏழு மணிக்கு மேல், வீட்டின் முன்னறையில், கூரை விளக்கின் வெளிச்சத்தில்தான் அமைகின்றன. என் பத்து வயது மகள் வயலின் பயிற்சி செய்யும் நேரம் அது. என் அப்பா அருகில் நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

நேற்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200, அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறைய அது அகலும்) எஃப்/5.6, ஷட்டர் வேகம் 1/30 நொடி என்று எடுத்தவை அவை. மகளின் முகம் ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் வில் பிடித்த கை மட்டும் புகைபோலக் கலைந்துபோயிருக்கிறது. அப்பாவின் படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. ஃபிளாஷ் போட்டால் மகள் வாசிப்பதை நிறுத்திவிடுகிறாள் என்பதால் அதை நான் விரும்பவில்லை.

ஆகவே அகன்ற அபர்ச்சர் கொண்ட பிரைம் லென்ஸ் (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) ஒன்றை வாங்க எண்ணுகிறேன். 50 மி.மீ. எஃப்/1.8, 35 மி.மீ. எஃப்/1.8 ஆகிய இரண்டில் எது பொருந்தும்? அல்லது இன்னும் சில மாதங்கள் பொறுத்து எஃப்/1.4 லென்ஸாகவே வாங்குவது மேலா? முதலில் 50 மி.மீ. வாங்க வேண்டும் என்று பலரும் சொல்வதால் என் மனம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

மறுமொழி 1

உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. அசையாமல் அமர்ந்திருக்கும் அப்பாவின் படம் நன்றாக வருகிறது, அசையும் கை மட்டும் கலைகிறது என்றால், கிட் லென்ஸில் உள்ள அதிர்வுக் கட்டுப்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். அது உங்கள் கைநடுக்கத்தை அடக்கும். எதிரில் இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் கூட வேண்டும், ஷட்டர் வேகம் கூட வேண்டுமானால் வெளிச்சம் கூட வேண்டும்.

எஃப்/5.6 என்ற நிலையிலிருந்து எஃப்/1.8-க்கு வரும்போது, எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பார்த்தால், சென்சாருக்குள் நுழையும் ஒளி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அதே அறையில், அதே ஐ.எஸ்.ஓ.வில், உங்கள் 1/30 நொடி 1/250-ஐத் தாண்டிவிடும். நிதானமாக இழுக்கும் வில்லுக்கு அது போதும். எஃப்/1.8-இலிருந்து எஃப்/1.4-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். முதல் தாவலோடு ஒப்பிட்டால் இது சிறிய படி. நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 600 கிராம் எடையுள்ளது. சிறிய சென்சார் கேமராக்களுக்கென்றே 2009-இல் வந்த 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 200 கிராம்தான். அந்தச் சிறிய படிக்காகப் பல மாதங்கள் காத்திருந்து, மகளின் இந்த வயதுப் படங்களை இழக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எனவே அபர்ச்சர் எண்ணைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டுக் குவியத் தூரத்தைப் பற்றி, அதாவது காட்சி எவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த மி.மீ. எண்ணைப் பற்றி, யோசியுங்கள். “முதலில் 50 வாங்கு” என்பது ஃபிலிம் காலத்து அறிவுரை. 36 மி.மீ. அகலமுள்ள ஃபிலிமில் 50 மி.மீ. லென்ஸ் மிக நெருக்கமாகவும் இல்லாமல் மிக அகலமாகவும் இல்லாமல் காட்டியது. அதனால் அது பொது லென்ஸாக இருந்தது. உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலமே உள்ளது. அதில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி, பழைய கணக்கில் 75 மி.மீ. லென்ஸ் காட்டியதற்குச் சமம். 35 மி.மீ. லென்ஸ்தான் ஏறத்தாழ 52 மி.மீ. போலக் காட்டி, அந்த அறிவுரை குறிப்பிட்ட இடத்தில் வந்து அமர்கிறது. அறிவுரை தவறன்று, அதைக் கேட்கும் கேமரா மாறிவிட்டது.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக நின்று படமெடுக்கும் இடத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நில்லுங்கள். கிட் லென்ஸை 50 மி.மீ.இல் வைத்து, அந்த வளையத்தைத் தொடவே கூடாது என்று முடிவுசெய்துகொண்டு ஒரு மாலை முழுவதும் எடுங்கள். மறுநாள் 35 மி.மீ.இல் வைத்து அதையே செய்யுங்கள். படங்கள் இருட்டாகவோ கலைந்தோ வருவது பொருட்டல்ல. எங்கே பின்னால் போக இடமில்லாமல் திணறினீர்கள், எங்கே நெருங்க முடியாமல் தவித்தீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்ட கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 50 மி.மீ. லென்ஸை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு லென்ஸும் என்னிடம் உள்ளன. முகத்தை மட்டும் நிறைவாக எடுக்க நினைக்கும்போது என் கை தானாகவே 50-ஐ எடுக்கிறது. 35-ஐக் கொண்டு முகத்தை நிரப்ப வேண்டுமானால் மிக அருகே போக வேண்டும். அருகே போனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அதற்குக் காரணம் லென்ஸ் அன்று, தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்கு உங்களை இழுத்துச் செல்வது லென்ஸ். உங்கள் அப்பா நாற்காலியில் அமர்ந்து கண்மூடிக் கேட்கும் முகம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 50 மி.மீ. உங்களை ஏமாற்றாது.

எந்த லென்ஸை வாங்கினாலும் ஃபோகஸ் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரத்தில் பலரும் மனம் தளர்வது இங்கேதான். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் பகுதி முன்பின்னாக 3 செ.மீ.கூட வராது. இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரியும், காது கரைந்திருக்கும். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் அருகிலுள்ள கண் கூர்மையாகவும் அப்பால் உள்ள கண் மங்கலாகவும் அமையும். வயலின் வாசிப்பவரை எதிரிலிருந்து எடுக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. வயலினின் தலைச்சுருள் முகத்தைவிடக் கேமராவுக்கு நெருக்கமாக நீண்டிருப்பதால், ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்குமாறு விட்டால் அது பெரும்பாலும் அந்தச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை நகர்த்திக் கண்ணின் மீது நீங்களே வையுங்கள். நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம், இவ்வளவு மெல்லிய ஆழத்தில் கைகொடுக்காது.

வியூஃபைண்டரையும் முழுமையாக நம்ப வேண்டாம். இன்றைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஃபோகஸ் திரை, பிரகாசமாகத் தெரிவதற்காகவே செய்யப்பட்டது. எஃப்/1.8-இன் உண்மையான மங்கலை அது காட்டாது; ஏறத்தாழ எஃப்/2.8-இல் இருப்பது போன்ற ஆழத்தையே கண்ணுக்குக் காட்டும். கண்ணில் தெளிவாகத் தெரிந்தது படத்தில் தப்பிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை அறியாத காலத்தில் நான் என் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மாலைகள் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தேன். நாடாவை வைத்து அளந்தும் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றால் எனக்கும் மகளுக்கும் இடையே 2.8 மீட்டர்தான் கிடைக்கிறது. 50 மி.மீ.இல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் அவளுடைய பாதங்கள் சட்டகத்துக்குள் வரவில்லை. கிடைமட்டமாகப் பிடித்தால் வில்லை முழுதும் இழுக்கும்போது அதன் நுனி வெட்டுப்படுகிறது. 35 மி.மீ.இல் அவளும் வயலினும் இசைக்குறிப்புத் தாங்கியும் முழுமையாக அடங்கின. பின்னால் அப்பாவின் நாற்காலியும் ஒரு ஓரத்தில் வந்தது. அப்படி ஒரு படம் வேண்டும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

ஆகவே 35 மி.மீ. என்று ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டேன். பயன்படுத்திய லென்ஸாக வாங்கலாமா என்பது மட்டும் மீதமுள்ள ஐயம். தெரிந்தவர் ஒருவர் தம்மிடமுள்ள பழைய 50 மி.மீ. எஃப்/1.8 டி வகை லென்ஸை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார்.

மறுமொழி 3

அந்த டி வகை லென்ஸை உங்கள் கேமராவுக்காக வாங்க வேண்டாம். அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி5300-இல் அந்த மோட்டார் இல்லை. படம் எடுக்க முடியும், ஒளி அளவும் சரியாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கையால் திருப்பி, வியூஃபைண்டரின் மூலையில் எரியும் சிறு புள்ளியைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வாசித்துக்கொண்டே அசையும் குழந்தையிடம் அது நடக்காது. லென்ஸின் பெயரில் ஏ.எஃப்.-எஸ். (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள வகை) என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பயன்படுத்திய லென்ஸைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் கையில் வாங்கிப் பார்த்த பிறகே. கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரிரு தூசித் துகள்களுக்கு அஞ்ச வேண்டாம். பின்புறம் உள்ள சிறு நெம்புகோலை விரலால் மெதுவாக நகர்த்தி விடுங்கள். அபர்ச்சர் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும், எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. அவசரத்தில் இதைப் பார்க்காமல் வாங்கிய லென்ஸ் ஒன்று என் அலமாரியில் இன்னும் கிடக்கிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். முக்காலியில் கேமராவை வைத்து, ஓர் அளவுகோலைச் சாய்வாக நிறுத்தி, அதன் நடு எண்ணின் மீது எஃப்/1.8-இல் ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டர் வழியாக ஒரு படமும், லைவ் வியூவில் (பின்புறத் திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ சென்சாரில் விழும் பிம்பத்தையே பார்த்து ஃபோகஸ் செய்வதால் அது உரைகல். வியூஃபைண்டர் வழி எடுத்த படத்தில் தெளிவு முன்னுக்கோ பின்னுக்கோ தொடர்ந்து விலகியிருந்தால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த விலகலைச் சரிசெய்யும் வசதி விலை கூடிய சில கேமராக்களில் உண்டு. உங்கள் டி5300-இல் இல்லை.

மறுமொழி 1

நாடாவை வைத்து அளந்தது மிக நல்ல செயல். லென்ஸ் கைக்கு வந்ததும் நேராக எஃப்/1.8-இல் தொடங்காமல், எஃப்/2.2, 1/200, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்குங்கள். உங்கள் பழைய அளவுகளோடு ஒப்பிட்டால் அதே அறை வெளிச்சத்துக்கு அது சரியாகப் பொருந்தும். இரண்டரை மீட்டர் தூரத்தில் அந்த அபர்ச்சரில் தெளிவின் ஆழம் 40 செ.மீ.க்கு மேல் கிடைப்பதால் மகளின் முகமும் வயலினும் அதற்குள் அடங்கிவிடும். விளக்கின் ஓரங்களிலும், ஃபோகஸுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள வெள்ளை விளிம்புகளிலும் ஊதாவும் பச்சையுமாகச் சிறு கறை தெரியலாம். அகன்ற அபர்ச்சர் லென்ஸ்களின் இயல்பு அது, எஃப்/2.8-க்கு வந்தால் பெரும்பகுதி குறைந்துவிடும். பின்னால் அமர்ந்திருக்கும் அப்பாவும் அடையாளம் தெரியும் அளவுக்கு வர வேண்டுமானாலும் அதே எஃப்/2.8-ஐ முயன்று பாருங்கள். ஷட்டர் வேகம் 1/125 வரை இறங்கும். மெதுவாக வாசிக்கும் பகுதியில் அது தாங்கும்.