அடுத்த பக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாமா?

எல்லக்காரன்:
மாமாவின் ஹோம்ஸ்டேக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். பலரும் பதுளை ரயிலில் வந்துகொண்டே போனில் திறக்கிறார்கள். ஒஹியா ஸ்டேஷன் தாண்டினால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கம். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ரூம் பட்டியல் திறக்கும், விலைப் பக்கம் பாதியில் நின்றுவிடும். அடுத்து எதைத் தொடுவார்கள் என்று ஊகித்து முன்பே இறக்கி வைக்க வழி உண்டா?

ஹட்டன் கோடர்:
உண்டு தம்பி. குரோமில் ஸ்பெகுலேஷன் ரூல்ஸ் இருக்கிறது, அடுத்த பக்கத்தை முன்பே எடுத்து வைக்கச் சொல்லும் வசதி. எந்தெந்த லிங்குகள் என்று ஒரு சின்ன ஜேசன் (தரவை எழுதும் எளிய வடிவம்) துண்டில் எழுதினால் போதும். அது புரியாத பிரவுசர் பேசாமல் விட்டுவிடும். ஆனால் ஊகத்தை உன் மனதிலிருந்து எடுக்காதே, யார் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று காட்டும் அனலிடிக்ஸைப் பார். பட்டியலிலிருந்து அதிகம் பேர் போவது விலைக்கா, படங்களுக்கா? அந்த ஒன்றுக்கு மட்டும் போடு. இதில் இரண்டு வகை. ப்ரீஃபெட்ச் அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை (எழுத்தும் அமைப்பும் உள்ள கோப்பு) மட்டும் எடுக்கும். ப்ரீரெண்டர் படம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் இழுத்து, பக்கத்தையே மறைவில் கட்டி முடிக்கும். போனுக்குக் காசு ரீலோட் போட்டு வருகிறவரின் டேட்டாவுக்கு அது அநியாயம். லாக்அவுட், புக்கிங் ரத்து மாதிரி லிங்குகளைக் கட்டாயம் விலக்கி வை. பிரவுசரே முன்கூட்டித் திறந்து, யாரும் தொடாமலே ரத்தாகிவிடும்!

பண்டாரவளை அக்கா:
போனில் டேட்டாவை மிச்சப்படுத்தும் டேட்டா சேவர் போட்டிருந்தால் குரோம் இதைச் செய்யாது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சுரங்கத்துக்கு சர்வீஸ் வொர்க்கர்தான் சரி, சிக்னல் இல்லாதபோதும் சேமித்த பக்கத்தைக் காட்டும் ஸ்கிரிப்ட் அது: விலையும் ஸ்டேஷனிலிருந்து வரும் வழியும் ஒருமுறை இறங்கினால் போனிலேயே தங்கிவிடும். அப்புறம், முகப்பில் இருக்கும் அந்த லிட்டில் ஆடம்ஸ் பீக் மலைப் படம் எத்தனை எம்பி?

எல்லக்காரன்:
ஐந்து, அக்கா. கேமராவில் எடுத்ததை அப்படியே போடச் சொன்னது மாமா.