கேளாமல் வந்த விலை: டொமைன் வாங்க வந்தவர்களோடு எங்கள் அனுபவங்கள்

பரந்தனிலிருந்து

உழவு இயந்திர உதிரிப்பாகமும் தண்ணீர்ப் பம்பியும் விற்கிற கடை எங்களுடையது. கடைப் பெயரில் ஒரு டாட் கொம் டொமைன், அதாவது இணைய முகவரி, வைத்திருக்கிறோம். காலபோக விதைப்புத் தொடங்கி, கடையில் நிமிர நேரமில்லாத ஒரு நாளில் ஈமெயில் வந்தது. ஒரு முதலீட்டாளர் எங்கள் டொமைனை 8000 டொலர் வரை கொடுத்து வாங்கத் தயாராம்.

கடைப் பெயர் அம்மம்மாவின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தது. எங்களைத் தவிர அது ஆருக்குப் பயன்படும்? எனக்கு முதலில் வந்த சந்தேகம் அதுதான். யார், எதற்கு என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. விலை சம்மதம் என்றும், மதிப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றும், அதைத் தான் சொல்லுகிற தளத்தில்தான் எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். செலவைப் பிறகு விலையோடு சேர்த்துத் தருவாராம்.

"மதிப்பீட்டை நீங்களே எடுங்கள், அந்தக் காசை என் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். அதோடு ஆளைக் காணவில்லை. இந்த ஏமாற்றில் வாங்குகிறவரும் மதிப்பீட்டுத் தளமும் ஒரே கைதான். டொமைன் அவர்களுக்குத் தேவையில்லை, அந்தச் சான்றிதழ்க் காசுதான் முழு வியாபாரமும். விற்கிறவனிடம் முன்காசு கேட்கிறவன் வாங்க வந்தவன் இல்லை.

வவுனியாவிலிருந்து

அண்ணை, உங்களுக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள். இணையத்தள வேலை செய்கிற என்னிடம் சனம் கொண்டுவருவது பயம் காட்டுகிற கடிதங்கள்.

ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈமெயிலை அச்செடுத்து மடித்துக்கொண்டு வந்தார். சீனாவில் ஒரு கம்பனி பாடசாலைப் பெயரை டாட் சிஎன், டாட் ஏசியா எல்லாவற்றிலும் பதிய விண்ணப்பித்திருக்கிறதாம். ஆட்சேபனை இருந்தால் உடனே அறிவிக்கட்டாம். ஐயாவுக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. பாடசாலைப் பெயர் பறிபோகப் போகிறது என்றே நம்பிவிட்டார்.

டொமைன் பதிவில் முந்துகிறவருக்கே பெயர். வேறொருவர் பதிய வரும்போது உங்களிடம் சம்மதம் கேட்கிற வழக்கம் எந்தப் பதிவு நிறுவனத்துக்கும் இல்லை. பதில் போட்டால், அந்தப் பெயர்களையெல்லாம் பல மடங்கு விலைக்கு உங்கள் தலையில் கட்டுவார்கள். பதில் போடாவிட்டால் ஒன்றும் நடவாது. இதே கடிதம் பல வருடமாக உலகம் முழுக்கச் சுற்றுகிறது.

இன்னொன்று. முன்பு உரிமையாளரின் பெயர், தொலைபேசி, ஈமெயில் எல்லாம் டொமைன் யாருடையது என்று பார்க்கிற ஹூஇஸ் தேடலில் எவருக்கும் தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டார்கள். ஆனால் பழைய பட்டியல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் முழுப் பெயரையும் பழைய முகவரியையும் சொல்லி எழுதுகிறார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

விசுவமடுவிலிருந்து

எல்லாமே பொய் என்று தள்ளவும் வேண்டாம். நான் உண்மையாகவே ஒன்று விற்றிருக்கிறேன். பாவனையில் இல்லாத ஐந்தெழுத்துப் பெயர், புரோக்கர் மூலம் வந்த கேள்வி. விலையை நான் முதலில் சொல்லவில்லை. நேம்பயோ தளத்தில் அதைப்போன்ற பெயர்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கதைத்தேன்.

காசு எஸ்க்ரோ வழியாகத்தான் வரவேண்டும். வாங்குகிறவர் முதலில் நடுவிலுள்ள நிறுவனத்திடம் கட்டுவார். காசு சேர்ந்ததை அவர்கள் உறுதிப்படுத்திய பிறகே நாங்கள் டொமைனின் பூட்டைத் திறந்து, அதை மாற்றிக்கொள்ளத் தேவையான ட்ரான்ஸ்ஃபர் கோட் கொடுப்போம். எஸ்க்ரோ என்ற பெயரிலேயே போலித் தளங்களும் உண்டு. ஈமெயிலில் வந்த இணைப்பை அழுத்தாமல் முகவரியை நானே தட்டச்சுச் செய்து போனேன், காசு வந்ததையும் அங்கே உள்நுழைந்துதான் பார்த்தேன். வங்கியில் டொலர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள், விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டினேன்.

விற்க முன்னர் பதிவிலுள்ள பெயரை மாற்றப் போகவேண்டாம். வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும், வாங்குகிறவர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

முள்ளியவளைப் பக்கமிருந்து

எங்களுக்கு வந்த கேள்வி உண்மையானது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

டொமைன் எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிறது. கனடாவில் இருக்கிற ஊர் அண்ணா ஒருவர் தன்ர பெயரில் பதிந்து, தன்ர வங்கி அட்டையில் வருடாவருடம் காசு கட்டி வருகிறார். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த சனமும் வெளியில் இருக்கிற சனமும் ஆளையாள் தேடிப் பிடித்தது அந்தத் தளத்தில்தான். பொங்கல் அறிவித்தல், மரண அறிவித்தல், வாசிகசாலைக் கணக்கு எல்லாம் அங்கேதான்.

ஊர்ப் பெயரைப்போலவே ஒரு பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிற வெளிநாட்டுக் கம்பனி அண்ணாவுக்கு எழுதியது. அவர் எனக்கு எடுத்து, "நல்ல விலை தாறாங்கள், வாசிகசாலைக் கூரையைப் போட்டிடலாம்" என்றார். அவருடைய மனம் எனக்குத் தெரியும், ஒரு சதமும் தனக்கு எடுக்கமாட்டார். ஆனாலும் பதிவில் அவர் பெயர் இருப்பதால் ஊரின் பெயர் அவருடையதாகுமா? டொமைன் உறுதிக்காணி அல்ல, பெர்மிட் காணி மாதிரி. நிபந்தனைப்படி வைத்திருக்கிறவரைதான் உரிமை. அதை ஊருக்காக வைத்திருக்கிறவர், விற்க முதல் ஊரைக் கேட்கவேண்டும் என்றேன். கூட்டம் கூட்டினோம். விளையாட்டுக் கழகப் பெடியள் விற்கச் சொன்னார்கள். மாதர் சங்கத் தலைவி அக்கா, "அந்தப் பெயரிலை நாளைக்கு என்ன போடுவினம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய டொமைன்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் நிரப்புகிறவர்கள் ஏராளம்.

அதைவிடப் பெரியது ஈமெயில். கோயில் சபை, வாசிகசாலை, முன்பள்ளி எல்லாவற்றுக்கும் அந்த டொமைனில்தான் முகவரி. பெயரை வாங்குகிறவர் கைக்கு நாளை வருகிற கடிதம் எல்லாம் போகும். அந்த முகவரிகளில் திறந்த கணக்குகளின் கடவுச்சொல்லையும் அவர் மாற்றலாம். இதை விளங்கப்படுத்திய பிறகு பெடியளும் மாறிவிட்டார்கள். விற்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

இப்போது கம்பனி, தங்களிடம் வர்த்தகக் குறி இருக்கிறது, உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறது. என்ன செய்யலாம்?

வவுனியாவிலிருந்து

விலை எழுதவே வேண்டாம், தம்பி. டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்துகிற ஐகான் அமைப்பின் 1999ஆம் ஆண்டு விதிப்படி, குறியின் சொந்தக்காரருக்கு அதிக விலைக்கு விற்பதே நோக்கமாகப் பதிந்திருந்தால் அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று. நீங்கள் எழுதுகிற தொகையை அந்த விதிப்படி போடுகிற வழக்கில் கொண்டுபோய்க் காட்டுவார்கள். "ஊரின் தளம், பாவனையில் உள்ளது, விற்பனைக்கு இல்லை" என்று எழுதினால் போதும். ஊர்ப் பெயரை ஊரே பாவிப்பது நல்ல பலம். வழக்கு வந்தால் பதில் போட 20 நாள் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். தளத்தின் பழைய பக்கங்களையும் பொங்கல் அறிவித்தல்களையும் திகதியோடு இப்பவே சேமித்து வையுங்கள். அண்ணாவிடம் சொல்லி 10 வருடத்துக்குப் புதுப்பியுங்கள், கணக்கின் விபரம் ஊரில் இன்னும் இருவரிடமாவது இருக்கட்டும்.