பியானோ டிப்ளமோ ரிசைட்டலுக்கு (தேர்வுக் கச்சேரிக்கு) நாலு பீஸ் (உருப்படி) தேர்ந்தெடுத்துவிட்டேன், பேலன்ஸ் சரியா? அவசரம்

பவானிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோவுக்கு என்னென்ன பீஸ் என்று வெள்ளிக்கிழமைக்குள் டீச்சரிடம் சொல்லியாகணும். பாக் ஒன்று, பீத்தோவன் சொனாட்டா (பல பகுதி கொண்ட பெரிய பீஸ்) ஒன்று, ஷோப்பான் நாக்டர்ன் (இரவு மனநிலை பீஸ்), கடைசியில் ராக்மானினோவ் பிரிலூட் (சின்ன பீஸ்). நாலும் நாலு காலத்து இசை, அதனால் பேலன்ஸ் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். நேற்று வீட்டில் முழுசாக வாசித்துக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா தோட்டத்துக்கு மோட்டார் போடப் போய்விட்டார். மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கே தப்பு? சீக்கிரம் சொல்லுங்க.

நொய்யல்:
எந்த டிப்ளமோ? ஏ.பி.ஆர்.எஸ்.எம் என்ற பிரிட்டிஷ் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ்.எம் என்றால் 30 நிமிடம், பத்து சதவீதம் முன்னே பின்னே போகலாம். அதாவது 27 முதல் 33 வரை. இன்னொரு வாரியமான டிரினிட்டியின் ஏ.டி.சி.எல் என்றால் 32 முதல் 38. இரண்டுக்கும் கணக்கே வேறு. அப்புறம் எந்த பாக், எந்த சொனாட்டா? கீ (ஆதார ஸ்வரமும் ஸ்கேலும்) என்ன, ஓபஸ் எண் (படைப்பின் வரிசை எண்) என்ன, தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதம்?

கொடிவேரி:
வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோவா, அக்கூஸ்டிக்கா (தந்தி கட்டிய நிஜ பியானோவா)? தேர்வில் எது? அதைச் சொல்லாமல் பேலன்ஸ் பற்றிப் பேசவே முடியாது. டிஜிட்டலில் எல்லா பீஸும் ஒரே நிறத்தில்தான் கேட்கும். அப்பா சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

ஆனைமலை:
தம்பி, "பாக் ஒன்று, பீத்தோவன் ஒன்று" என்பது சந்தைக்கு எழுதும் சாமான் சீட்டு. பீத்தோவனுக்கு 32 சொனாட்டா இருக்கிறது. கேட்கத் தெரியாதவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? முதலில் சிலபஸை உட்கார்ந்து படியுங்கள். பத்து வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பவானிக்கரை:
மன்னிக்கணும் அண்ணா. ஏ.ஆர்.எஸ்.எம். பாக் வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகத்தின் சி மைனர் பிரிலூடும் ஃபியூக்கும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் பீஸ்). பீத்தோவன் ஓபஸ் 13 சொனாட்டா, மூன்று மூவ்மென்ட்டும் (பகுதியும்). ஷோப்பான் ஓபஸ் 48 முதல் நாக்டர்ன். ராக்மானினோவ் ஓபஸ் 3 இரண்டாவது. தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கு. மொத்தம் அரை மணிக்கு மேலே கொஞ்சம்.

நொய்யல்:
அப்பாவுக்கு நல்ல காது. பாக் சி மைனர் (சோகம் தட்டும் கீ), பீத்தோவன் சி மைனர், ஷோப்பானும் சி மைனர். ராக்மானினோவ் அரைக்கட்டை தள்ளி சி ஷார்ப் மைனர். நடுவில் பீத்தோவனின் அடாஜியோ (மெதுவான இரண்டாம் மூவ்மென்ட்) மட்டும்தான் ஏ ஃபிளாட் மேஜர், வெளிச்சமான கீ. அந்த ஐந்து நிமிடம் போனால் மீதி பெரும்பாலும் இருட்டு. காலம் மாறுவது மட்டும் பேலன்ஸ் ஆகாது. கீ, வேகம், எடை மூன்றும் மாறணும்.

இன்னொன்று கை. ஷோப்பானின் நடுப்பகுதியில் ஆக்டேவ் (கையை அகல விரித்து எட்டுக் கட்டை தாண்டி அடிப்பது), கடைசிப் பக்கத்தில் விடாமல் அடிக்கும் கார்டு (பல கட்டை சேர்ந்த அடி). அதை முடித்த கையோடு ராக்மானினோவ், அதன் கடைசிப் பகுதியை அவர் வழக்கமான இரண்டுக்குப் பதில் நாலு ஸ்டாஃபில் (ஸ்வரம் எழுதும் கோட்டு வரிசையில்) எழுதியிருக்கிறார். தோள் இறுகிவிடும். சத்தம் கடினமாக வரும். தேர்வாளர் உங்கள் கையில் மென்மையே இல்லை என்று நினைத்துவிடுவார். உங்கள் வேகம் எனக்குத் தெரியாது, தோராயமாகப் போட்டால் மூன்றரை, 19, ஆறு, நாலு நிமிடம். முப்பத்திரண்டரை ஆகிறது. பீஸுக்கு நடுவே மூச்சு வாங்கினால் 33-ஐத் தொட்டுவிடும்.

சிறுவாணி:
நான் வயலினும் கற்றவள், கச்சேரிக் கணக்கில் சொல்கிறேன். கர்நாடக இசைக் கச்சேரிக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறையைப் பாருங்கள். வர்ணத்தில் கை சூடாகணும், அடுத்தடுத்து வேறு வேறு ராகம், வேறு தாளம். மெயின் கீர்த்தனை கடைசியில் வராது. அதற்கப்புறம் துக்கடா பாடி, கேட்பவர் மனசை லேசாக்கி அனுப்புவார்கள். தம்பியின் வரிசையில் பாக் வர்ணம், பீத்தோவன் மெயின். அதற்கப்புறம் துக்கடா எங்கே? இன்னும் இரண்டு மெயின் அல்லவா நிற்கிறது? பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் ஆறும் சேர்ந்தே ஐந்தாறு நிமிடம்தான். பார்த்து வையுங்கள்.

ஆனைமலை:
மூன்று மணி நேரக் கச்சேரியை அரை மணித் தேர்வில் கொண்டுவந்து பொருத்தக் கூடாது அம்மணி. இது வேறு மரபு.

சிறுவாணி:
மரபு வேறுதான். கேட்கிற காது ஒன்றுதானுங்களே? ஒரே ராகத்தில் மூன்று உருப்படி போட்டால் எந்த ஊரிலும் சலிக்கும்.

நொய்யல்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஏழு வாரத்தில் புதுசாக எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய பீஸ் ஏதாவது மேஜர் கீயில் உண்டா? ஷோப்பானுக்குப் பதில் அதை வைக்கலாம். நேரம் இடித்தால் ஓபஸ் 13 முதல் மூவ்மென்ட்டில் ரிப்பீட்டை (தொடக்கப் பகுதியைத் திரும்ப வாசிப்பதை) விட்டால் இரண்டு நிமிடம் கிடைக்கும்.

ஆனைமலை:
எந்த ரிப்பீட்? மெதுவான முன்னுரையான கிராவேயிலிருந்தா, அதற்கடுத்த வேகமான அலெக்ரோவிலிருந்தா? முதல் பதிப்பில் அலெக்ரோ தொடங்கும் இடத்தில் ரிப்பீட் குறியே கிடையாது. அப்படியானால் கிராவேயிலிருந்துதான் திரும்பணும். பியானோ மேதை ருடால்ஃப் செர்கின் அப்படித்தான் வாசித்தார்.

கொடிவேரி:
செர்கின் வாசித்தால் எல்லோரும் வாசிக்கணுமா? கிராவே திரும்பவும் டெவலப்மென்ட்டுக்கு (மெட்டுகளை விரிக்கும் நடுப்பகுதிக்கு) முன்னால் வருகிறது, கோடாவிலும் (முடிவுப் பகுதியிலும்) வருகிறது. முன்னாலேயே இரண்டு முறை கேட்டுவிட்டால் அந்த இடங்களின் அதிர்ச்சி போய்விடும்.

ஆனைமலை:
போகாது. இன்னும் கனக்கும். குறி விட்டுப்போனது அச்சுப்பிழை என்று சொல்பவர்கள்தான் அதற்குச் சான்று காட்டணும்.

கொடிவேரி:
எத்தனையோ முறை அச்சான அலெக்ரோ ரிப்பீட்டை நான் என் ஆசிரியரிடம் கற்றேன், அப்படியேதான் சொல்லிக் கொடுப்பேன்.

நொய்யல்:
இரண்டு பேரும் தனி இழை திறந்து பேசுங்கள். எனக்கும் ஆர்வம்தான், அங்கே வருகிறேன். தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு.

பவானிக்கரை:
எட்டாம் கிரேடு தேர்வு சமயத்தில் டெபுஸ்ஸியின் கிளேர் டி லூன் (நிலா வெளிச்சம்) படித்தேன். இன்னும் மனப்பாடமாக வரும். அது ஆகுமா?

நொய்யல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது டீ ஃபிளாட் மேஜர், ஐந்து நிமிடம். ராக்மானினோவின் சி ஷார்ப்பும் அந்த டீ ஃபிளாட்டும் ஒரே கறுப்புக் கட்டை. நிலா வெளிச்சத்தில் முடிகிற அதே ஸ்வரத்தில் ராக்மானினோவின் மணி கீழே இறங்கும். பாக், பீத்தோவன், டெபுஸ்ஸி, ராக்மானினோவ், முப்பத்தொன்றரை நிமிடம். ராக்மானினோவ் முடிவதும் மிக மெதுவான ஓசையில்தான், சிறுவாணி அக்காவுக்கும் பாதி சம்மதம் கிடைக்கும். இருபது நிமிடமாவது ஏ.ஆர்.எஸ்.எம் பட்டியலில் உள்ள பீஸாக இருக்கணும். மீதிச் சொந்தத் தேர்வு எட்டாம் கிரேடு தரத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் நாலையும் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடி டிக் போட்டுவிட்டுத்தான் டீச்சரிடம் கொடுக்கணும்.

சிறுவாணி:
முழுச் சம்மதமே. அந்த டெபுஸ்ஸிக்கு அப்புறம் உடனே கை வைக்காதீர்கள். பெடலை எடுத்துவிட்டு நாலு மூச்சு உட்காருங்கள்.

கொடிவேரி:
டெபுஸ்ஸி வந்துவிட்டதால் என் கேள்வி இன்னும் முக்கியம். பாதிப் பெடலும் இடது பெடலும் டிஜிட்டலில் ஒரு மாதிரி, நிஜ பியானோவில் ஒரு மாதிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும் மாதங்களில் கோவைப் பக்கம் நிஜ பியானோவின் சவுண்ட்போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) உப்பி ஸ்ருதி ஏறிவிடும், கட்டையும் மந்தமாகும். தேர்வு பியானோவில் என்றால் இரண்டு முறையாவது அங்கே போய் வாசித்துப் பாருங்கள். எது என்று சொல்லுங்க தம்பி.

பவானிக்கரை:
டீச்சர் சரி சொல்லிவிட்டார். ஷோப்பானை எடுத்துவிட்டேன். நிறுத்தாமல் வாசித்தால் 32 நிமிடம் வருது. அப்பா கடைசி வரை உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

கொடிவேரி:
சந்தோஷம். டிஜிட்டலா, அக்கூஸ்டிக்கா?