வீட்டுக் கூட்டமாகக் கூடுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய கூடுகை தேவையா?

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் மயிலாடுதுறை பக்கம் ஏழு குடும்பம், ஞாயிறு சாயங்காலம் வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம். கட்டடம் கிடையாது, சம்பளத்துக்குப் பாஸ்டர் கிடையாது, சந்தா கிடையாது, ஒருவருக்கொருவர் பழகின பழக்கம்தான் எல்லாம். இப்போது எங்கள் மூத்த அண்ணன், கும்பகோணம், பட்டுக்கோட்டைப் பக்கம் இதே மாதிரி கூடுகிறவர்களையும் சேர்த்துத் தரங்கம்பாடியில் மூன்று நாள் தங்கலாம் என்கிறார். நூறு பேர் வரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. உறவுதான் முக்கியம் என்றால் அது வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறதே, அதற்கு எதற்கு சாமியானாவும் சமையல்காரரும்? போனில் தினம் பேசிக்கொள்கிறோம். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிற எபிரெயர் 10:25 காட்டுவார்கள், தெரியும். ஆனால் வாராவாரம் கூடுகிறவனிடம் அந்த வசனத்தை ஏன் காட்ட வேண்டும்?

மூன்றாம் வரிசை:
பிரதர், உங்கள் பயம் நியாயமானது. நாங்களும் பாய் விரித்து உட்கார்ந்துதான் ஆரம்பித்தோம். இரண்டாம் வருஷம் மைக் வந்தது, மூன்றாம் வருஷம் மேடையும் ஃபிளெக்ஸும் வெளியூர்ச் செய்தியாளரும் வந்தார்கள், நான்காம் வருஷம் முன்வரிசை நாற்காலிக்கு வெள்ளைத் துணி உறை போட்டாச்சு. அதில் யார் உட்காருவது என்று பெரிய மனஸ்தாபம். அதோடு நின்றுபோனது.

தென்னந்தோப்பு:
நான் பட்டுக்கோட்டைப் பக்கம். மேடை போட்டால் கெடும், அதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்காகக் கூடாமலே இருப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. என் கதையைச் சொல்கிறேன். 2018இல் கஜா புயலுக்கு முன்னால் ஒரு கூடுகைக்குப் போயிருந்தேன். யார் என்ன செய்தி கொடுத்தார்கள் என்று சத்தியமாக ஒன்றும் நினைவில்லை. கும்பகோணத்து அண்ணன் ஒருவரோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தது மட்டும் நினைவிருக்கிறது, இரண்டு மணி நேரம் கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட என் தோப்பு, கடன், அப்பாவோடு பேச்சு நின்றுபோனது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நவம்பர் 16 அதிகாலையில் காற்று அடித்து ஓய்ந்தபோது, என் தோப்பில் நின்ற மரத்தைவிட விழுந்த மரம்தான் அதிகம். கரண்ட் இல்லை, டவர் இல்லை, நீங்கள் சொல்கிற போன் ஒரு வாரம் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் அந்த அண்ணன் இரண்டு பையன்களோடு மரம் அறுக்கிற மெஷினும் அரிசி மூட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். வழி எப்படித் தெரியும் என்றேன். “நீதானேப்பா வெங்காயம் உரிக்கிறப்ப சொன்ன, ஐயனார் கோவில் தாண்டி வாய்க்கால் ஓரமா வரணும்னு.” அது போனில் சொல்கிற விஷயமா? போனில் நலம் விசாரிப்போம், வைத்துவிடுவோம்.

குத்தாலம் அக்கா:
தம்பி, ஒன்று கேட்கிறேன். பட்டுக்கோட்டைக் குடும்பங்களில் எத்தனை பேரை உனக்கு நேரில் தெரியும்? உன் மூத்த அண்ணன் வழியாகத்தானே அவர்கள் செய்தி வருகிறது? எங்களிடமும் அப்படித்தான், உறவு நூல் எல்லாம் ஒரே பெரியவர் கையில் இருந்தது, அவர் ஆறு மாதம் படுத்தபோது ஊருக்கு ஊர் யாருக்கு யாரும் பேசவில்லை. உறவில் நிற்கிற சபை என்கிறோம், கடைசியில் ஒரு ஆளின் உறவில்தான் நின்றிருக்கிறோம். கூடினால்தான் குறுக்கே நூல் ஓடும், பெண்கள் பெண்களோடு, பிள்ளைகள் பிள்ளைகளோடு. அப்போஸ்தலன் யோவானே இரண்டாம் நிருபத்தில் காகிதமும் மையும் வேண்டாம், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசுகிறேன் என்றுதானே முடிக்கிறார். ஆனால் சமையலைப் பெண்கள் தலையில் கட்டுவதாக இருந்தால் நான் எதிர்க்கட்சி, இப்போதே சொல்லிவிட்டேன்.

பழைய லுத்தரன்:
இடம் நல்ல இடம். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கே வந்து இறங்கியபோது எடுத்த எடுப்பில் பிரசங்கம் செய்யவில்லை, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1718இல் கட்டின புதிய எருசலேம் ஆலயம் இன்னும் நிற்கிறது, ஒரு சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தேதியை மட்டும் பார்த்து வையுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகப்பட்டினம் ரோடு பூரா நடைப்பயணக் கூட்டம், ரூம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தை மாதம் சம்பா அறுப்பு, விவசாயி வரமாட்டான். மாசியில் அறுப்பு முடிந்து உளுந்து நிற்கும்போது வையுங்கள், பரீட்சைக்கு முன்னால்.

கொள்ளிடக்கரை:
அக்கா கேட்டது சுருக்கென்று தைத்தது. எண்ணிப் பார்த்தேன், பட்டுக்கோட்டையில் எனக்குத் தெரிந்தது இரண்டே பேர், அதிலும் ஒருவரை வாட்ஸ்அப் போட்டோவில்தான். சரி, அண்ணனிடம் இன்றைக்கே பேசுகிறேன். மேடை கிடையாது, மைக் கிடையாது, சமையல்காரரும் வேண்டாம், காய் நறுக்குவது ஆண்கள் வேலை என்று கண்டிஷன் போடப் போகிறேன். நூறு பேருக்குச் சாம்பார் வைக்க எத்தனை கிலோ சின்ன வெங்காயம் வாங்கணும், தென்னந்தோப்பு அண்ணே?

தென்னந்தோப்பு:
கொஞ்சம் அதிகமாகவே வாங்குங்க, உரிச்சு முடிக்க நேரமாகணும்.