யுன்னான் மலை ஒயின்: 300 டாலர் மண்ணுக்கா, பெயருக்கா?

கொடிக்கால்:
போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் ஆவ் யுன் குடித்தேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், திபெத்தை ஒட்டிய மலையில் விளையும் சிவப்பு ஒயின். பெரும்பகுதி கேபர்நே சோவின்யோன் என்ற திராட்சை ரகம், கூடவே கொஞ்சம் கேபர்நே ஃப்ராங்க் ரகம். பாட்டில் 300 டாலர் பக்கம். நல்ல ஒயின், மறுக்கவில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் ஊற்றியிருந்தால் பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் என்றுதான் சொல்லியிருப்பேன். திராட்சை போர்தோவுடையது, நடத்துவது மொயே ஹென்னெஸி என்ற பிரெஞ்சு மது நிறுவனம். இதில் யுன்னான் எங்கே இருக்கிறது?

மலையேறி:
தோட்டத்தில் இருக்கிறது. அடோங், ஷிடாங், சினோங், ஷுவோரி என்று நான்கு கிராமங்கள், மேக்கோங் ஆற்றின் மேல்பகுதியில், 2,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில். மொத்தம் 28 ஹெக்டேர்தான், அதுவும் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக. ஒரு துண்டு சராசரியாகக் கால் ஏக்கர்கூட வராது. டிராக்டர் எப்படி இறங்கும்? கவாத்து, களையெடுப்பு, அறுவடை எல்லாம் அங்குள்ள திபெத்தியக் குடும்பங்களின் கைவேலை. விலை அங்கிருந்து வருகிறது.

கொடிக்கால்:
பாடுபட்டு விளைவித்தார்கள் என்பதற்காக ருசி கூடிவிடுமா? நான் கேட்டது ருசியை.

மலையேறி:
சரி, ருசிக்கே வருகிறேன். இரண்டு பக்கமும் மலை. காலையில் வெயில் தாமதமாக வரும், மாலையில் சீக்கிரம் போய்விடும். ஆனால் அந்த உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், புற ஊதாக் கதிர் அதிகம், பழத்தின் தோல் தடிக்கும். இரவில் குளிர். அதனால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பும் குறையாமல் நிற்கிறது. 2013 ஒயினை, முதல் விளைச்சல் அது, கோப்பையில் ஊற்றி இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன். முதலில் ஓக் மரப் பீப்பாயின் வாசனைதான். அப்புறம் கருந்திராட்சை வற்றல், கொஞ்சம் புதினா. துவர்ப்பு நாக்கைப் பிடிக்கவே இல்லை, பட்டு மாதிரி இறங்கியது. உங்கள் நண்பர் திறந்த உடனே ஊற்றிவிட்டாரோ?

நதிக்கரை:
இடையில் ஒன்று. அந்தப் பள்ளத்தாக்குக்குத் திராட்சையைக் கொண்டுவந்தது இந்த நிறுவனம் இல்லை. ஆற்றோடு கீழே இறங்கினால் சிஜோங் என்ற ஊர். பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய தேவாலயமும் திராட்சைத் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. சீனாவின் வடக்கே இன்னொரு ஒயின் பகுதியான நிங்ஷியாவில் குளிர்காலம் வந்தால் கொடிகளை மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மொயே ஹென்னெஸிக்காக ஆஸ்திரேலிய ஒயின் நிபுணர் டோனி ஜோர்டான் சீனா முழுக்கத் தேடிவிட்டு இந்த இடத்தைப் பிடித்தது சும்மா இல்லை. என் வருத்தம் வேறு: மண்ணைக் கொத்தும் ஊர்களின் பெயர் முதல் பாட்டில்களில் பெரிதாக எழுதப்படவில்லை.

மலையேறி:
அது நியாயமான வருத்தம். இப்போது ஒரே கிராமத்துப் பழத்தில் செய்த பாட்டில்களும் தனியாக வருகின்றன.

கொடிக்கால்:
திறந்த உடனே ஊற்றினோம், உண்மைதான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு ஊர்ப் பழத்தையும் கலந்த பாட்டிலை வைத்து மண்ணின் ருசி பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அடோங்கையும் ஷுவோரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று என் நாக்குக்கே தெரிந்தால், போர்தோ என்று சொன்னதை இங்கேயே வந்து திரும்பப் பெறுவேன். செலவில் பாதி என்னுடையது. யார் வருகிறீர்கள்?