தொடைச் சதை விவகாரம்

ராணி அத்தை: டொராண்டோவில் குமார் மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் பாதியில் தாடை இறுகி, உடம்பு கொதித்துவிட்டதாம். இப்போது தேறிவிட்டான். ஆனால் குமாருக்கும் சோதனைக்காகத் தொடையில் சதை எடுக்க வேண்டுமாம். மீனா, நீ மயக்க மருந்து டாக்டர்தானே, இது என்ன கூத்து?

மீனா: மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா அத்தை. சிலருக்கு மயக்க வாயுவோ தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசியோ போனதும் தசைக்குள் கால்சியம் மடை திறந்த மாதிரி கொட்டும். அதை அடக்கும் டான்ட்ரோலீன் மருந்து கைவசம் இருந்ததால் பிள்ளை பிழைத்தான். இது பரம்பரையாக வருவது.

சுந்தரம் மாமா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌹🙏

குமார்: சதையைக் கஃபீனிலும் ஹாலோத்தேன் என்ற மயக்க மருந்திலும் முக்கி, எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பார்களாம். சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். கூரியரில் அனுப்ப முடியாது, நானே போய்ப் படுக்கணும்.

ராணி அத்தை: காப்பியிலா முக்குகிறார்கள்?! சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கிற மாதிரி இதற்கு முடியாதா?

மீனா: பன்றிக்கு முடியும் அத்தை. சிரிக்காதீர்கள். வண்டியில் ஏற்றும் பதற்றத்திலேயே செத்து விழும் பன்றிகளுக்கும் இதே கோளாறுதான். 1990இல் இதற்குக் காரணம் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவாக இருக்கலாம் என்று விரல் வைத்ததே குமார் ஊரில் இருந்த மேக்லென்னன் என்ற விஞ்ஞானியின் குழு. பன்றிக்கு ஒரே ஒரு பிழை, ரத்தம் போதும். மனுஷனுக்கு நூற்றுக்கணக்கில் மாற்றங்கள். இதுதான் குற்றவாளி என்று உறுதியானவை கொஞ்சம்தான்.

குமார்: அப்போ எனக்கு ரத்தம் பிரயோஜனமில்லையா மதினி?

மீனா: முதலில் பையன் ரத்தத்தைப் பார்க்கச் சொல். உறுதியான பிழை கிடைத்தால் உன்னிடம் அந்த ஒரு இடத்தைத் தேடலாம். இருந்தால் தொடைக்குக் கத்தி வேண்டாம். இல்லை என்று வந்தால் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதே, அப்போதுதான் சதைச் சோதனை வேண்டும். ரத்த வெள்ளணுவில் கால்சியத்தை அளந்து பார்க்கிறார்கள், தொடையில் மெல்லிய குழாய் செருகிக் கஃபீன் விட்டும் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் இன்னும் சதைச் சோதனையின் இடத்துக்கு வரவில்லை.

சுந்தரம் மாமா: ராணியின் பெரியப்பா ஒருவர் கால் முறிவு ஆபரேஷனில் டேபிளிலேயே போனார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

மீனா: மாமா! இதை இப்போதுதான் சொல்கிறீர்களா?

ராணி அத்தை: உன் அப்பாவுக்கும் அவர் பெரியப்பாதான். எனக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன் வேறு இருக்கிறதே.

மீனா: அத்தை, போனை எடுங்கள். கூப்பிடுகிறேன்.